தகோனை ஆண்ட மாமி

லாசால், மொன்றியல்
2003 ஒக்ரோபர் 12

அன்பு மருமகன் றொக்சனுக்கு,

மாமி றோசலின் எழுதிக்கொள்வது. நானும் மகள் றெபேக்காவும் மாதாவின் காவலில் இருக்கிறோம். யங்கோனில் நீயும் பற்றிக் மாமா வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கேட்டுவிட்டுத்தான் கோவிலை விட்டு இறங்குகிறேன். போன மாதம் நீ தந்த தேநீர்க்கடை நம்பருக்கு நாலு தரம் எடுத்தேன். மூன்று தரம் பர்மியப் பாஷையில் யாரோ ஏசினார்கள். நாலாம் தரம் மணி அடித்துக்கொண்டே இருந்து அறுந்துபோனது. இனிக் கடிதம்தான்.

உன் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன், ராசா. தாய் தகப்பன் இல்லாத, பதினெட்டு வயது ஆகாத, கலியாணம் கட்டாத தம்பி பிள்ளையை இங்கே கூப்பிடலாம் என்று சட்டம் இருக்கிறது. நீ யங்கோனில் பிறந்த கிழமையிலேயே உன் தாய் போய்விட்டாள். என் தம்பி பத்திநாதன் போன வருஷம் கப்பலிலேயே கண்ணை மூடினான். உனக்குப் பதினேழு வயது, விண்ணப்பம் போடும் நாளில் உள்ள வயதுதான் கணக்காம். கலியாணத்துக்குப் பேச்சே இல்லை, ஒழுங்காகச் சீப்பால் தலை இழுக்கத் தெரியாதவனுக்கு யார் பெண் கொடுப்பது?

கூடவே ஒரு கடிதமும் வைத்தேன். நீ பதினைந்து நாள் பிள்ளையாக மன்னாருக்கு வந்து என் மடியில் கிடந்ததிலிருந்து, உன் பத்து வயதில் நான் கனடாவுக்கு வெளிக்கிட்டு உன்னைத் தாயின் தம்பி பற்றிக்கிடம் யங்கோனுக்கு அனுப்பும் வரை, என் மருமகனை நான்தான் வளர்த்தேன் என்று தமிழில் எழுதினேன். பார்க் எக்ஸ்ரென்சனில் சிவநேசம் என்று ஒருவர், முப்பது வருஷமாக மொழிபெயர்ப்புத்தான் தொழில். அவர் அதைப் பிரெஞ்சில் மாற்றித் தந்தார்.

இனிச் சொல்லப்போவதை நன்றாகக் கேள். உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே போய் என்னை "அம்மா" என்று சொல்லிவிடாதே. சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டாய், இன்றைக்கும் கடிதத்தில் சில இடத்தில் கை தவறி எழுதி வெட்டுகிறாய். எனக்கு வெட்டுத் தெரியும். அம்மா என்றால் பொய் சொல்கிறான் என்று பிடித்துவிடுவார்கள். மாமி என்று சொல். பத்துத் தரம் கேட்டாலும் மாமிதான். உள்ளதைச் சொல்கிறவனுக்கு ஒரு பயமும் வேண்டாம்.

குளிர் தொடங்கிவிட்டது. இருபத்து நாலு வீடுள்ள இந்தக் கட்டடத்துக்கு நான்தான் கொன்சியேர்ஜ். திறப்புக்கோர்வை, விளக்குமாறு, படியில் தூவும் உப்பு எல்லாம் என் பொறுப்பு. உனக்கென்று ஒரு கட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் இப்போது றெபேக்கா தன் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறாள்.

உன் மாமி,
றோசலின்

யங்கோன்
2003 டிசம்பர் 20

இருபத்து நாலு வீட்டின் ஆளுநர், மேன்மை தங்கிய மாமிக்கு,

மருமகன் வணக்கம். இந்தப் பட்டம் நான் சும்மா தரவில்லை, காரணம் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் ஞானோபதேசம் முடிந்ததும் யோசெப் சேர் எங்களுக்குத் தமிழில் சரித்திரம் சொல்வார். யங்கோனுக்குப் பழைய பெயர் தகோன். அறுநூறு வருஷத்துக்கு முன் தகோனை ஒரு பெண் ஆண்டாளாம். மகாதேவி என்று பெயர், அரசனுக்கு அக்கா. அலங்காரத்துக்கு இருத்திவைத்த இளவரசி இல்லை, ஊரை ஆள நியமித்த ஆளுநர். அவளுடைய தம்பி பெண்சாதி செத்துப்போக, அந்தக் கைக்குழந்தையைத் தன் பிள்ளையாகத் தூக்கி வளர்த்தாளாம். யோசெப் சேர் "ஆன்ட்" என்று சொல்லி, தமிழில் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் "அத்தை" என்றார்கள். நான் எழும்பி நின்று "மாமி!" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மகாதேவியிடம் படை இருந்தது, உங்களிடம் பனி தள்ளும் சவள் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

மாமி, ஒரு விஷயம். என்னுடைய தங்கும் சீட்டு அப்பாவின் பெயரில் போட்டது. அப்பா இலங்கைக்காரர் என்பதால் எனக்கு இங்கே பிரஜைக்குரிய அட்டை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்றிக் மாமா போய்ப் புதுப்பிக்கிறார். ஜனவரியில் எனக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு எத்தனை தரம் தருவார்கள் என்று குடிவரவுக் கந்தோரில் யாருக்கும் தெரியவில்லை. நேர்காணல் மார்ச்சில் என்று கடிதம் வந்துவிட்டது, அதுதான் பயப்படாமல் இருக்கிறேன்.

கட்டிலில் இருந்து புத்தகத்தை எடுக்கச் சொல்லி மச்சாளிடம் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்,
றொக்சன்

யங்கோன்
2004 மார்ச் 18

அன்புள்ள மாமிக்கு,

இங்கே கனடாத் தூதரகம் இல்லாததால் எல்லை கடந்து போய் நேர்காணலை முடித்துக்கொண்டு நேற்றுத் திரும்பினேன். நல்லாய் நடந்தது. நீங்கள் சொன்னபடியே சொன்னேன், ஒரு தரம்கூட வாய் தவறவில்லை.

மொழிபெயர்ப்புக்கு ஒரு வயதானவர் இருந்தார். பினாங்கில் பிறந்தவராம். அவருடைய தமிழ் எனக்குப் பாதிதான் விளங்கியது, என்னுடையது அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் மரியாதையானவர். "என்னை மாமிதான் வளர்த்தவ" என்றேன். "மாமியாரா?" என்று கேட்டார். உங்களுக்கு மரியாதை கொடுத்து "ஆர்" சேர்க்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "ஓம் ஐயா, மாமியார்தான்" என்றேன்.

அதிகாரி நிறையக் கேட்டார். மாமிக்கு எத்தனை பிள்ளைகள் என்றார். ஒரே ஒரு மகள், றெபேக்கா, என் மச்சாள் என்றேன். வயது என்ன என்றார். பதினைந்து என்றதும் பேனையைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். சிறுவயதில் ஒன்றாக இருந்தீர்களா என்றார். ஓம், ஒரே வீட்டில் என்றேன். கனடா போனால் எங்கே தங்குவாய் என்றார். மாமி வீட்டில், மச்சாளோடு என்றேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதினார்.

இவ்வளவு அக்கறையாக யாரும் என்னை விசாரித்ததில்லை மாமி. பற்றிக் மாமாவின் மகள் செசீலியா என் சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்துத்தான் அனுப்பினாள். அதுதான் ராசி என்கிறாள்.

உங்கள் மருமகன்,
றொக்சன்

லாசால்
2004 ஓகஸ்ட் 2

என் ராசா றொக்சன்,

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. மறுத்துவிட்டார்கள். உனக்குக் கலியாணம் ஆகிவிட்டதாம், அதை மறைத்தாயாம்.

கடிதத்தை றெபேக்காதான் வாசித்தாள். என்னைக் குறித்து "பெல்-மேர்", அதாவது மாமியார் என்று இருக்கிறது, உன்னைக் குறித்து "ஜான்ட்ர்", மகளின் புருஷன் என்று இருக்கிறது. வாசித்துக்கொண்டே வந்தவள் நின்று, "மம்மி, இதிலை என்னை இவனுக்குக் கட்டிக் குடுத்திருக்கினம்!" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் அழத் தொடங்கினாள்.

உன் வாயிலிருந்து மாமியார் என்று வந்தது. என் கடிதத்தில் மருமகன் என்று இருந்தது. நம் ஊரில் மாமி என்றால் தகப்பனின் சகோதரியும்தான், பெண் கொடுத்தவளும்தான். மருமகன் என்றால் தம்பியின் மகனும்தான், மகளின் புருஷனும்தான். இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. விண்ணப்பத்தில் தம்பி பிள்ளை என்று போட்டது பொய், இதுதான் உண்மை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சிவநேசத்தாரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "தங்கச்சி, மருமகன் எண்டுதானே எழுதினனீங்கள்? பத்திநாதன்ர மகன் எண்டு எழுதியிருக்கிறீங்கள், பத்திநாதன் ஆர் எண்டு எங்கை எழுதினனீங்கள்? நான் என்ன சாத்திரமே பாக்கிறன்?" என்றார். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த மனுஷன் சொன்னது சரி. தம்பி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. பத்திநாதன் என் தம்பி என்பது மன்னாரில் எல்லாருக்கும் தெரியும், அதை எதற்கு எழுதுவான் என்று விட்டிருக்கிறேன்.

மாமி என்று சொல் என்று உன் வாயில் திணித்ததும் நான்தான். அம்மா என்று சொல்ல விட்டிருந்தால் பொய்யாவது உன்னை இங்கே கொண்டுவந்திருக்கும்.

புதிதாக விண்ணப்பிக்க முடியாது, உனக்கு வயது தாண்டிவிட்டது. மேன்முறையீடு ஒன்றுதான் வழி. போட்டுவிட்டேன். எத்தனை மாதம் என்று யாரும் சொல்கிறார்கள் இல்லை. நீ பயந்து ஒன்றும் செய்துவிடாதே. சாப்பிடு.

உன் மாமி,
றோசலின்

யங்கோன்
2004 நவம்பர் 6

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. "ஆர்" என்றதும் தலையாட்டியவன் நான்.

போன செவ்வாய் சீட்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில் என்னை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. பற்றிக் மாமா வாசலிலேயே நின்றார். பெப்ரவரி முடியும் வரை சீட்டு நீட்டியிருக்கிறார்கள், இதுதான் கடைசி. பிறகு மன்னாருக்குத்தான் அனுப்புவார்கள். மன்னாரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நாம் இருந்த வளவுக்குள் ஆமிக்காரர் இருக்கிறார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டியவன் தங்கலாம் என்று அங்கே ஓர் எழுத்தர் மாமாவின் காதில் சொன்னாராம். மாமா வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். பிறகு, "செசீலியாவை உனக்குக் கட்டி வைக்கவா?" என்று கேட்டார். நான் எழும்பி வெளியே போனேன். செசீலியா உடுப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்து கிணற்றடியில் நின்றாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு றொக்சன். நான் வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன். ஆனா நீ இல்லாம போனா அப்பா தெனமும் அந்த வாசல்லயே போயி நிப்பாரு" என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

மகாதேவியின் கதையில் மிச்சத்தைக் கேட்டேன். வளர்ந்தவன் ஒரு நாள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தகோனுக்கு வந்து, மாமி இருந்த ஆளுநர் மாளிகையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டானாம். வளர்த்தவளிடமா என்று கேட்டேன். அவனுக்கும் போக வேறு இடம் இருக்கவில்லை என்றார் யோசெப் சேர். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை இன்னும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு நாள் சொல்லுங்கள் மாமி. ஒரு திகதி. அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

உங்கள் மருமகன்,
றொக்சன்

லாசால்
2005 ஜனவரி 3

றொக்சன்,

கட்டாதே. முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். கட்டாதே.

திகதி கேட்டாய். மேன்முறையீட்டு விசாரணை பெப்ரவரி 24, வியாழன், காலை ஒன்பது மணி. இன்றைக்குத்தான் அறிவித்தல் வந்தது. உன் சீட்டு பெப்ரவரி முடியும் வரை இருக்கிறது. நாலு நாள் மிச்சம் இருக்கிறது, ராசா. நாலு நாள் போதும். நீ ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டினால் அவர்கள் எழுதிய பொய் அன்றைக்கே உண்மையாகிவிடும். பிறகு நான் எந்த வாயோடு அங்கே போய் நிற்பேன்?

தேநீர்க்கடைக்கு இன்றைக்கு மட்டும் பதினொரு தரம் எடுத்தேன். ஒருவன் எடுத்தான். "றொக்சன், றொக்சன்" என்று கத்தினேன். அவனும் ஏதோ கத்திவிட்டு வைத்துவிட்டான். இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். அதுவும் உங்கள் ஊரில் எங்கே போய்ப் படுக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பற்றிக்கிடம் சொல்லு, உன் அக்காவின் பிள்ளையை நான் பத்து வருஷம் வளர்த்தேன், எனக்காக ஏழு கிழமை பொறு என்று. செசீலியாவிடம் சொல்லு, அவள் நல்ல பிள்ளை, அவள் நினைத்து வைத்தபடியே கட்டட்டும் என்று. என்னை ஆளுநர் என்று பகிடி பண்ணினாய். இருபத்து நாலு கதவுக்குத் திறப்பு வைத்திருக்கிறேன், ஒன்றுகூட உன் பக்கம் திறக்கவில்லை. தண்ணிக் குழாய் உறைந்தது என்று மூன்றாம் மாடிக்காரி வந்து ஏசினாள். முதல் தரமாக நானும் திருப்பி ஏசிவிட்டேன். கட்டில் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது, றெபேக்கா புத்தகங்களை எடுத்துவிட்டாள்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மாமி

லாசால்
2005 பெப்ரவரி 25

என் செல்ல மருமகனே,

வென்றுவிட்டோம்! அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நேற்று விசாரணையில் இருந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பிரியந்தி என்று பெயர். நான் "மாமி" என்றதும் அவள் நீதிபதியைப் பார்த்து, இதை இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும், அனுமதி தாருங்கள் என்றாள். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். தகப்பன், தகப்பனின் அக்கா, அவ மாமி. பெண்சாதி, பெண்சாதியின் தாய், அவவும் மாமி. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரே சொல்லா என்று கேட்டார். ஒரே சொல்தான் என்றாள். றெபேக்காவை எழும்பி நிற்கச் சொல்லி, இவர் உனக்கு யார் என்று கேட்டார். "செ மொன் குசான்! என் மாமா மகன், என் பிள்ளைப் பருவம் முழுக்க என் பென்சிலைக் களவெடுத்தவன்" என்று பிரெஞ்சில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். அங்கேயே தீர்ப்புச் சொன்னார்.

பத்து நிமிஷம், றொக்சன். ஒன்றரை வருஷம் நாங்கள் செத்ததெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் பத்து நிமிஷ வேலை.

தீர்ப்பின் பிரதியை இதோடு வைக்கிறேன். கந்தோரில் காட்டி இன்னும் ஒரு மாதம் கேள். தடித்த சட்டை ஒன்றும் வாங்காதே, இங்கே எல்லாம் இருக்கிறது. வா, ராசா. வா.

உன் மாமி,
றோசலின்

யங்கோன்
2005 பெப்ரவரி 9, விபூதிப் புதன்

அன்புள்ள மாமிக்கு,

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எனக்கும் செசீலியாவுக்கும் கோவிலில் கலியாணம் நடந்தது. தவக்காலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு முடியும் வரை பங்குச் சுவாமி கட்டி வைக்க மாட்டார், அதற்குள் என் சீட்டு முடிந்துவிடும். அதனால் அவசரமாக வைத்தார்கள். எண்ணிப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

உங்கள் ஜனவரிக் கடிதம் நேற்றுச் செவ்வாய் வந்தது. உறை ஏற்கெனவே பிரித்து ஒட்டியிருந்தது. பெப்ரவரி 24 என்று வாசித்தேன். செசீலியாவும் வாசித்தாள். "ஒரு நா முந்தி வந்திருந்தா" என்று மட்டும் சொன்னாள்.

மாமி, அவர்கள் பிழையாக எழுதியது இப்போது சரியாகிவிட்டது. எனக்கு மனைவி இருக்கிறாள், மாமியார் இருக்கிறார். இந்தத் தகோனில் வாழச் சீட்டும் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நீங்கள் வழக்கில் வென்றாலும் நான் இனி வர முடியாது. தோற்றாலும் அது உங்கள் பிழை இல்லை.

யோசெப் சேரிடம் போய்க் கதையை முடிக்கச் சொன்னேன். அரசன் நோயில் கிடந்தபோது மகாதேவிதான் தம்பிக்காக ராச்சியத்தைப் பார்த்தாளாம். மருமகனை எதிர்த்தும் நின்றாளாம். ஆனாலும் கடைசியில் அவன்தான் ராஜா ஆனான். ஆனதும் அவளைத் தண்டிக்கவில்லை, தகோனை அவளிடமே திரும்பக் கொடுத்தானாம். அதன் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்களா என்று கேட்டேன். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றார்.

நீங்கள் எழுதுவீர்களா மாமி?

றொக்சன்

லாசால்
2005 மார்ச் 28, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள்

றொக்சன்,

உன் கடிதம் பெரிய வியாழன் அன்று கிடைத்தது. படி கழுவிக்கொண்டிருந்தேன். வாசித்துவிட்டு மிச்சப் படியையும் கழுவி முடித்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஞாபகம் இல்லை. றெபேக்காதான் வாளியை உள்ளே கொண்டுவந்தாளாம்.

முதலில் உனக்கு வேறு ஒரு கடிதம் எழுதினேன். கலியாணத்தை ஒளி, இங்கே யாருக்கும் தெரியாது, தனியாக ஏறி வா, அவளைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினேன். உள்ளதைச் சொல் என்று உனக்குப் புத்தி சொன்ன அதே கையால் எழுதினேன். அது மூன்று நாள் மேசையில் கிடந்தது. அந்தப் பிள்ளை கிணற்றடியில் நின்று சொன்னதை நீ எனக்கு எழுதியிருக்காவிட்டால் தபாலில் போட்டிருப்பேன். இன்றைக்குக் கிழித்துவிட்டேன். உனக்குக் கலியாணம் ஆகிவிட்டது என்று இங்குள்ள குடிவரவுக் கந்தோருக்கும் எழுதிவிட்டேன். இந்த முறை சிவநேசத்தாரிடம் போகவில்லை, றெபேக்கா எழுதினாள்.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். நிறைய இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கட்டிலைக் கீழ்மாடிக்குப் புதிதாக வந்த ஹெயிட்டிக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். செசீலியாவுக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன், உங்கள் வெயிலுக்கு அது உதவாது. ஆனாலும் அவள் வைத்திருக்கட்டும்.

எழுதுவீர்களா என்று கேட்டாய். எழுதுவேன். ஒரே ஒரு விஷயம். இனி எனக்கு எழுதும்போது மாமி என்று எழுதாதே. அந்தச் சொல்லுக்கு இப்போது உன் வீட்டிலேயே ஆள் இருக்கிறா, இரண்டு பேருக்கும் ஒரே சொல் என்றால் மறுபடி குழம்பிவிடும். சின்ன வயதில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாயோ அதையே எழுது. வெட்டாதே. இனி அதை விசாரிக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

அம்மா